சிறுத்தைக்கு முன்னால் நின்றது நீதான்

நம் அடுக்குமாடி சொசைட்டி வாசலுக்கு எதிரே புதிதாக ஒரு கரும்புச்சாறு கடை வந்திருக்கிறது. பூனா வழக்கப்படி மிஷின் சக்கரத்தில் சலங்கை கட்டியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிழிந்த சக்கையை மதில் ஓரமாகக் குவித்து வைக்கிறார்கள். அது வெயிலில் காய்ந்து லேசாகப் புளித்து, அந்த வாடை நம் மூன்றாவது மாடி வரை ஏறி வருகிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுங்குகிறது. திறந்தால் ஜுன்னர் கரும்புக்காடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இன்று காலை பால் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் நிறைய சாறு நீட்டினார். ஊருக்குப் புதிய மனிதர். ஆனால் அவருக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். "யா, பிப்ட்யா காகா" என்றார். வாங்க, சிறுத்தை மாமா. கோந்த்வாவுக்கு நாம் குடிவந்து பத்து வருஷம் ஆகிறது. இந்தக் கட்டடத்தில் என் பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். எல்லோருக்கும் நான் பிப்ட்யா காகா. அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் நீ.

சாற்றை வாங்காமல் வந்துவிட்டேன். பாவம், அந்த மனிதர் முகம் சுருங்கிப் போயிற்று. மேலே வந்து உட்கார்ந்தவனுக்குப் பேப்பர் படிக்கவும் பிடிக்கவில்லை, சமைக்கவும் பிடிக்கவில்லை. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. உன்னோடு போட்டிருக்க வேண்டிய ஒரு சண்டையை நான் இன்னும் போடவில்லை. அதை இப்போது எழுதித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ ஊருக்கெல்லாம் சொன்னபடி அல்ல.

தொண்ணூற்றிரண்டு ஜனவரி. நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியவில்லை. உன் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்த சுமன் மௌஷியின் மகளுக்கு ஜுன்னர் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். பஸ்ஸில் போகலாம் என்று நீ சொன்னாய். நான்தான் புது ஸ்கூட்டரை எடுத்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்காக வந்தவனுக்கு, பூனாவிலேயே பிறந்து வளர்ந்த உன் முன்னால் காட்டிக்கொள்ள என்று அந்த ஒரு வண்டிதான் இருந்தது. மராட்டி எனக்கு வராது. காய்கறிக் கடையில் நான் வாயைத் திறந்தாலே நீ பக்கத்தில் நின்று சிரிப்பாய். வண்டி ஓட்டும்போது மட்டும் நீ எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாய். எந்தப் பக்கம் திரும்புவது என்பது என் இஷ்டம்.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நீ பெண்களோடு வளையல் போட்டுக்கொள்ள உட்கார்ந்துவிட்டாய். கிளம்பும்போது மணி நாலரை. மௌஷியின் தம்பி வண்டிக்குப் பக்கத்தில் வந்து, பெரிய சாலை வழியாகவே போங்கள், கரும்பு வெட்டு நடக்கிறது, உள்பாதை வேண்டாம் என்று சொன்னார். நீ அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாய். வரும்போது கால்வாயை ஒட்டி ஒரு வண்டித்தடம் நாசிக் ரோட்டில் போய் முட்டுவதை நான் பார்த்து வைத்திருந்தேன். ஆறேழு கிலோமீட்டர் மிச்சமாகும். உன்மேல் எரிச்சல் வேறு. ஒன்றும் சொல்லாமல் அந்தத் தடத்தில் திருப்பினேன். கோபம் வந்தால் என் தோளில் கை வைக்காமல் பின்னால் இருக்கும் ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொள்வாய். அன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாய்.

பாதி வழியில் வண்டி நின்றது. பிளக்கில் கரி பிடித்திருக்கும். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தேன். கிளம்பவில்லை. சுற்றிலும் அறுத்துப் போட்ட வயல். நடுவில் மட்டும் ஒரு துண்டுக் கரும்பு, நம் கட்டடத்தின் அகலம் இருக்கும், வெட்டாமல் நின்றது. கூலிக்காரர்கள் அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணில் காய்ந்த கரும்பிலைச் சோகை பரவிக் கிடந்தது. வெயில் இன்னும் இருந்தது. நீ மௌஷி கொடுத்த லட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதையில் பத்தடி தள்ளி நின்றாய். திரும்பவும் சாய்த்து உதைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவை குட்டிகள். இரண்டு. பூனை என்றுதான் நினைத்தேன். கரும்புக்குள்ளிருந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டு வந்தன. ஒன்று சோகைக்குள் மூக்கை நுழைத்தது. இன்னொன்று நேராக உன்னைப் பார்த்து வந்தது. லட்டு வாசனையோ, உன் புடவைக் கரையில் இருந்த ஜரிகையோ, தெரியவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே உனக்குப் பின்னால் கரும்பு விலகியது. தாய் வந்தது.

சிறுத்தையை நான் அதற்கு முன்னால் மிருகக்காட்சி சாலையில் பார்த்திருக்கிறேன். வெளியில் அது வேறு மாதிரி இருக்கிறது. உயரமே இல்லை. தரையோடு தரையாக, தோள் எலும்பு இரண்டும் மேலே ஏறி இறங்க, வந்து நின்றது. உனக்கும் அதற்கும் நடுவில் நம் ஹாலின் நீளம் இருந்திருக்கும். குட்டி உன் காலடியில்.

நான் ஓடினேன்.

எழுதிவிட்டேன். பதினாறு வருஷம் உன்னிடம் சொல்லப் பார்த்த வார்த்தை இதுதான். வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அதை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஐம்பதடி தூரத்தில் கிணற்றடியில் ஒரு மோட்டார் ரூம். தகரக் கதவு. உள்ளே போய் அதைச் சாத்தினேன். சாத்தியதோடு விடவில்லை. தாழ்ப்பாளையும் போட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள், சுலபத்தில் நகரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினேன், உள்ளங்கை கிழிந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நீ வெளியே இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். உள்ளே ஒரு பம்பு இருந்தது. ஆபீசில் நான் வரைபலகையில் தினமும் வரைகிற அதே மாதிரி பம்பு. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உன் குரல் கேட்டது. நீ கத்தவில்லை. மராட்டியில் பேசிக்கொண்டிருந்தாய். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற குரல், ஒரே சீராக. "ஜா பாளா, கரீ ஜா. ஆயி ஆலீ பக." போ கண்ணு, வீட்டுக்குப் போ, அம்மா வந்துட்டா பார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். குட்டிக்குச் சொன்னாயா, தாய்க்குச் சொன்னாயா, எனக்குச் சொன்னாயா என்று அந்தத் தகர அறைக்குள் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு குரல் நின்றுவிட்டது.

நிசப்தம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். மூலையில் ஒரு மண்வெட்டி சாத்தி வைத்திருந்தது, எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. என் காலையும் சோகையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயம். நிமிர்ந்தபோது நீ நின்றுகொண்டிருந்தாய். வயல் காலி. கரும்பின் ஓரத்தில் ஒரு தோகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதாவது, எல்லாம் முடிந்த பிறகு நான் வந்தேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்தேன்.

நீ என்னைப் பார்த்த முதல் பார்வையில் என்ன இருந்தது என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. "ஸ்கூட்டரைச் சாய்ங்க, இருட்டிடும்" என்றாய். வண்டியும் கேலி செய்வதுபோல முதல் உதையிலேயே கிளம்பியது. வழி முழுக்க என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாய். மஞ்சரில் டீ குடிக்க நிறுத்தினேன். உன் எதிரே உட்கார்ந்து, "நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். "டீ ஆறுது, குடிங்க" என்றாய். அவ்வளவுதான். அன்றைக்கு நீ என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோவில் ஆராதனை முடிந்து கன்டோன்மென்டில் உங்கள் அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் உள்ளங்கையில் இருந்த கட்டைப் பார்த்து உன் அம்மா என்னவென்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், சாம்பார் ஊற்றிக்கொண்டே. "சிறுத்தைம்மா. குட்டியோட வந்துச்சு. இவர் மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு. போயிடுச்சு."

உன் அப்பா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். ராணுவ ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர், அதுவரை என்னிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. நீ என் பக்கம் பார்க்கவே இல்லை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

அங்கே ஆரம்பித்தது. அதன்பிறகு உன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், சர்ச் பெண்கள் சங்கம், பக்கத்து வீடு, ஷீபா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று யார் கிடைத்தாலும் விடவில்லை நீ. வருஷம் போகப்போக கதை வளர்ந்தது. முதலில் நான் மண்வெட்டியோடு வந்து நின்றேன். பிறகு உன்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றேன். தொண்ணூற்றெட்டு வாக்கில் நான் சிறுத்தையைப் பார்த்து உறுமவே ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தட்டைப் பார்ப்பேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர்.

கடக்வாஸ்லாவுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஊரிலிருந்து என் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். அணைக்கட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தோம். சித்தப்பாவுக்கு நீ கதையைச் சொன்னாய். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. "அவ பொய் சொல்லுதா சித்தப்பா. நான் ஓடிப்போய் மோட்டார் ரூம்ல கதவப் பூட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக, தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி.

சித்தப்பா சிரித்த சிரிப்பில் சோளம் புரையேறிவிட்டது. "பாத்தியாடி," என்றார் சித்தியிடம், "தைரியம் உள்ளவன் இப்படித்தாம்லா பேசுவான்." சித்தி உன் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டாள். உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் நான் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய்.

"எதுக்கு இப்படிப் பொய் சொல்லிக்கிட்டுத் திரியுத?"

"எது பொய்? கையில மண்வெட்டி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா..."

"இருந்துச்சுல்ல. அப்புறம் என்ன?" என்று குழாயைத் திறந்துவிட்டாய். தண்ணீர்ச் சத்தத்தில் நான் சொன்னது எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் திறந்தாய்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்பதற்கு நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தண்டனை. வேறொன்றும் இல்லை. திட்டினால் ஒரு நாளோடு போய்விடும். இப்படிப் புகழ்ந்தால் ஆயுசுக்கும் நிற்கும். என் மராட்டியைப் பார்த்துச் சிரிப்பவள், நான் சுவரில் ஆணி அடித்தால் கோணல் என்பவள், இந்த ஒன்றில் மட்டும் என்னை ஏன் தூக்கி வைக்க வேண்டும்? நீ ஒவ்வொரு தடவை கதையை ஆரம்பிக்கும்போதும் அந்தத் தாழ்ப்பாளை நான் திரும்பவும் தள்ளிக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியும் என்று நம்பினேன். தெரிந்தே செய்கிறாய் என்று நம்பினேன்.

இதில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் வேலை. இந்த பிளாட்டுக்கு வந்த மறு வருஷம், அங்கே ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவுக்குத் தலைமையாக என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. என் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். ஒரு ராத்திரி ரயிலில் பாளையங்கோட்டை போய்விடலாம். கடையில் போய்த் தமிழில் பேசி ஒரு கிலோ தக்காளி வாங்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். நீ வேண்டாம் என்றாய். உன் வேலை, உன் அம்மா, ஷீபாவின் பள்ளிக்கூடம் என்று மூன்று காரணம் சொன்னாய். மூன்றும் நியாயம்தான். என்னிடமும் நியாயம் இருந்தது. நான் ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து அவர்களுக்கு முடியாது என்று சொன்னேன். வாயைத் திறந்தால், கதவைச் சாத்திக்கொண்டவன் என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாய். அது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. வீட்டு விஷயம் எதிலும் நான் உன்னை எதிர்த்துப் பேசியதில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் எனக்குத் தங்கமான மாப்பிள்ளை என்று பட்டம் கட்டினார்கள். தங்கமும் இல்லை ஒன்றும் இல்லை. பயந்தவன்.

நீ போன வருஷம் ஈஸ்டர் லீவில் எல்லாவற்றையும் உன்னிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நிஜமாகத்தான். ஷீபாவை உன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நாம் இரண்டு பேர் மட்டும் மகாபலேஷ்வர் போக ரூம் சொல்லி வைத்திருந்தேன். மார்ச் மாதம் ஒரு மதியம் உன் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இடைவேளையில் பிள்ளைகளுக்கு டிபன் டப்பா திறந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு இல்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் உன் பக்கத்தில் இருந்தேன். ஐ.சி.யூ.வில் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் உன் காதருகே குனிந்து, ஓடியதைச் சொன்னேன். மிஷின் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நீ கேட்டாயா?

முதல் வருஷ நினைவு ஆராதனையைச் சொல்ல வேண்டும். சபை நிறைய ஆட்கள். உன் பழைய மாணவர்கள், ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராக வந்திருந்தார்கள். போதகர் பிரசங்கத்தில் உன்னைப் பற்றிப் பேசினார், நன்றாகத்தான் பேசினார். பிறகு குடும்ப அன்பு என்று ஆரம்பித்து, என் பக்கம் கையை நீட்டி, காட்டு மிருகத்துக்கு முன்னால் தன் உயிரைப் பணயம் வைத்து மனைவியைக் காத்த புருஷன் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் பெயரால் வைத்த ஆராதனையில் உன்னைக் கைவிட்டவனைப் புகழ்கிறார்கள். அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனவள் நீயே. நான் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். துக்கம் தாங்காமல் போகிறார் என்று வழி விட்டார்கள். எவ்வளவு தப்பாகப் புரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவு தப்பாக எல்லோரும் என்னைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஷீபா பின்னாலேயே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த காரில் ஏறி உட்கார்ந்தோம். பதினாறு வயசு முடியப்போகிறது அவளுக்கு, உன் உயரம் வந்துவிட்டாள். வண்டியைக் கிளப்பாமலே சொல்லத் தொடங்கினேன். ஓடியது, தாழ்ப்பாள், உன் குரல் நின்றது, எல்லாம். அவள் என்னைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், இனிமேல் இவள் என்னோடு பேசுவாளா என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்பா," என்றாள். "அம்மா சொல்லிருக்கு. நான் எய்த்ல இருக்கும்போதே."

உனக்குத்தான் தெரியுமே அவள் தமிழ். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை இந்தியில் தேடிவிட்டுத் திரும்பி வருவாள். அவள் சொன்னதை நான் கோர்த்து எழுதுகிறேன். அப்பா ஓடினார், கதவைப் பூட்டிக்கொண்டார் என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். எதையும் மறைக்கவில்லை. குட்டி உன் காலடியிலிருந்து நகரவே இல்லையாம். தாய் ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்ததாம். பேசிப் பேசி உனக்குத் தொண்டை அடைத்துக் குரல் வராமல் போய்விட்டதாம். குரல் நின்றதும் அது பதுங்கியதாம். இனி அவ்வளவுதான் என்று கண்ணை மூடினாயாம். அப்போது தகரக் கதவு கிரீச்சென்று திறக்கும் சத்தம். கண்ணைத் திறந்தால் நான் மண்வெட்டியோடு, தரையைப் பார்த்தபடி நேராக வந்துகொண்டிருக்கிறேன். சிறுத்தை உன்னை விட்டு என்னைப் பார்த்ததாம். நான் நிற்காமல் வந்தேனாம். அது குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு கரும்புக்குள் போனதாம். மற்றது பின்னால் ஓடியதாம்.

"அப்படி இல்லைம்மா," என்றேன். "நான் வெளிய வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

"நீங்க பாக்கலைல்ல. அம்மா பாத்துச்சு." ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள். "அம்மா என்கிட்ட கேட்டுச்சு. பூட்டின கதவை எதுக்குத் திறக்கணும்? உள்ளயே இருந்திருக்கலாம்ல. யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா திறந்தாரு. ஓடினதை எல்லாரும் செய்வாங்க, அதை எதுக்கு நான் ஊருக்குச் சொல்லணும்னு சொல்லுச்சு."

இதை ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்டாளாம். நீ சிரித்தாயாம். அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், உட்கார்ந்து வாதம் பண்ணுவார், அவருக்குத் தெரியும்போது தெரியட்டும் என்றாயாம்.

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை அறைந்துவிட்டேன். ஹாரன் அடித்து, உள்ளே ஆராதனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். தெரியும்போது தெரியட்டுமா? எப்படித் தெரியும்? பதிமூன்று வயசுப் பிள்ளையிடம் சொல்லத் தோன்றியது, என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா? வாதம் பண்ணுவேனாம். பண்ணியிருந்தால் என்ன? அந்த ஒரு வாதம் பண்ணியிருந்தால் கோயம்புத்தூருக்காக இன்னொரு வாதம் பண்ணியிருப்பேன். தோற்றிருக்கலாம். ஆனாலும் மனைவியோடு சமமாக நின்று தோற்றிருப்பேன்.

அதன்பிறகு ஆறு மாதமாக அந்த நிசப்தத்துக்குள் போய்ப் போய் வருகிறேன். உன் குரல் நின்றது. எனக்குக் கேட்கவில்லை. அப்போது நான் என்ன நினைத்தேன்? ஆபத்து போய்விட்டது என்று நினைத்தா தாழ்ப்பாளைத் திறந்தேன், இல்லை உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தா? முதலாவது என்றால் நான் நினைத்த ஆள்தான் நான். இரண்டாவது என்றால் நீ சொன்ன ஆள். எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. பம்பின் குளிர்ச்சி ஞாபகம் இருக்கிறது, உள்ளங்கை எரிந்தது ஞாபகம் இருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டதில் ஒவ்வொரு நொடியும் இருக்கிறது. திறந்ததில் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள்தான் இருக்கிறது. அதைப் பார்த்த ஒரே ஆள் நீ.

போன மாதம் உங்கள் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஷீபாவும் கூட வந்திருந்தாள். நான் ஓடினேன் என்ற இடத்துக்கு வந்ததும் உன் அம்மா கையிலிருந்த ஜெபக்குறிப்பு நோட்டை மூடி வைத்தார்கள். நான் தொடர்வதற்குள் ஷீபா குறுக்கே வந்து, "திரும்பி வந்தாரு பாட்டி, அதை விட்டுட்டுச் சொல்றாரு" என்றாள். நீ பேசுகிற அதே தோரணை, தட்டில் எதையோ நொறுக்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல். நான் மறுத்தேன். அவள் விடவில்லை. அரைமணி நேரம் இரண்டு பேரும் உன் அம்மா முன்னால் வாதாடினோம். அவளுக்குத் தமிழ் தட்டியது, எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டில் இவ்வளவு சத்தமாக நான் பேசி யாரும் கேட்டதில்லை. உன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட வாருங்கள் என்று எழுந்து போனார்கள்.

இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ சொன்னபடியே ஆகிவிட்டது என்று சிரிக்காதே. கதவைத் திறந்ததை நீ உன் பக்கம் வைத்துக்கொண்டாய், பூட்டியதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாய், பதினாறு வருஷம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருக்க மாட்டேன், சண்டைதான் போட்டிருப்பேன். போட்டிருந்தால் என்ன? வீட்டில்தானே இருந்தேன், பக்கத்து அறையில்தானே இருந்தேன்.